சாலையோரக் கல்லில் பெயரோடு செயலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சாலைகளில், அதாவது 1985இல் மூன்றாகப் பிரிந்த விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் தடங்களில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. சாலையோரத்தில் உள்ளூர்த் தலைவர்களுக்கு நடப்படும் நினைவுக் கற்களைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கருத்தைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீளமானது; பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஓர் ஓடை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் வெள்ளம் இறங்கிவிட்டால், அக்கரைப் பிள்ளைகள் நாள் கணக்கில் பள்ளிக்கு வர முடியாது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது எங்கள் ஒன்றியத்துக்கு முதல் பெருந்தலைவராக வந்தவர், அந்த ஓடைக்குப் பாலம் கட்டுவதையே தம் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். பாலத்துக்கு ஏறும் பாதைக்காகத் தம் சொந்த நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார் என்பது ஊரறிந்த செய்தி. நானும் அந்தப் பாலத்தின் மேல் நடந்து போய்த்தான் படித்தேன். அவர் மறைந்தபின் பாலத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு கருங்கல் பலகை நட்டார்கள். பின்னாளில் சாலை அகலமாயிற்று, பழைய பாலம் போய்ப் புதிய பாலம் வந்தது, கல்லும் காணாமற்போயிற்று.

சென்ற தை மாதத்தில் அந்தக் கல்லை நான் மறுபடியும் கண்டேன். சாலையோரக் கழிவுநீர் வாய்க்காலின் மேல், தேநீர்க் கடைக்குள் நுழைவதற்குப் போட்ட படிக்கல்லாக அது கிடந்தது. எழுத்துள்ள பக்கம் மேலே பார்த்திருந்தது. கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி ஊற்றி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டுப் படித்தேன். மொத்தம் பதினான்கு வரிகள். முதல் வரியில் ‘நினைவுக் கல்வெட்டு’ என்றிருந்தது. இரண்டாவதில் அவர் பெயர். மூன்றாவதில் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும். மீதிப் பதினொரு வரிகளிலும் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வரவேற்றவர், நன்றி கூறியவர் ஆகியோரின் பெயர்களும் அவர்கள் வகித்த பதவிகளும் திறப்பு விழா நாளும் நிறைந்திருந்தன. பாலம் என்ற சொல் அந்தக் கல்லில் ஓரிடத்திலும் இல்லை.

கல்லைப் பெயர்த்தெடுத்த தொழிலாளர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வேறு ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். பெயர்களாலேயே நிறைந்த வரிகளைப் பார்த்தவர்கள், நாடு முழுவதும் மூலைக்கு மூலை நிற்கும் திறப்பு விழாக் கற்களில் இதுவும் ஒன்று என்றுதான் எண்ணியிருப்பார்கள். ‘இந்த ஓடையைக் கடக்க முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக, தம் நிலத்தையும் கொடுத்து இப்பாலத்தைக் கட்டியவர்’ என்று ஒரே ஒரு வரி அதில் இருந்திருந்தால், அந்தத் தொழிலாளர்களில் ஒருவராவது அதைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தான் எதற்காக நிற்கிறது என்பதைச் சொல்லத் தெரியாத கல்லைக் காப்பாற்ற யாரும் முன்வரமாட்டார்கள்.

இதில் எனக்கு வருத்தம் கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வழியோரத்தில் கல் நட்டு மனிதரை நினைவுகொள்வது நமக்குப் புதிதாக வந்த பழக்கமன்று. போரில் பட்ட வீரனின் பெயரையும் பீட்டையும், அதாவது அவன் பெருமைக்குரிய செயலையும், எழுதி வழிதோறும் நடுகல் நட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த நடுகல், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்பதே அதிலுள்ள செய்தி. கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் மாண்ட தீயன் அந்தவனின் கல் என்று அறிஞர்கள் அதற்குப் பொருள் கூறுகிறார்கள். ஆளின் பெயர், நிகழ்ந்த ஊர், நிகழ்ந்த செயல் ஆகிய மூன்றும் ஒரே தொடரில் அடங்கிவிட்டன. கல்லை நட்டவர் யார், நடும்போது உடனிருந்தவர் யார் என்பதற்கெல்லாம் அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. இத்தனை நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும், வெளியே எடுத்த அன்றே அது தன் செய்தியைச் சொல்லிவிட்டது. பெயரும் பீடும் என்பதில், பெயரை மட்டும் நாம் இன்று வைத்துக்கொண்டிருக்கிறோம், பீட்டை விட்டுவிட்டோம்.

இதற்கு என் மனத்தை மிகவும் உறுத்தும் சான்று ஒன்றைச் சொல்கிறேன். சென்னை தியாகராய நகரில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் கடைவீதியைப் பாண்டி பஜார் என்கிறோம். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் பெயர். புதுச்சேரிக்கும் அந்தக் கடைவீதிக்கும் ஏதோ தொடர்பிருப்பதாக எண்ணியிருப்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் யார், அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரிய வந்தபோது பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் நாள்தோறும் செய்துகொண்டிருந்த வேலைக்கும் அவருக்கும் உள்ள உறவை அதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை என்பதை நினைத்தபோது உண்மையிலேயே கண் கலங்கிற்று.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியில் 1893இல் பிறந்த சௌந்தரபாண்டியன், நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்வரிசையில் நின்றவர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. அந்த நாள்களில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராகவும் இருந்தார். ஜில்லா போர்டு என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாவட்டத்தின் சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள், சத்திரங்கள் ஆகியவற்றையெல்லாம் பார்த்துக்கொண்ட தல ஆட்சி அமைப்பு அது. சாலை போர்டுக்குச் சொந்தம் என்பதால், அந்தச் சாலையில் வாடகைக்கு ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரமும் அன்று போர்டிடமே இருந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகே அந்த அதிகாரம் போக்குவரத்து அதிகாரிகளின் கைக்கு மாறியது.

அக்காலத்தில் பேருந்துகள் தனியாருடையவை. ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை என்பதைப் பல முதலாளிகள் வழக்கமாகவே வைத்திருந்தார்கள். கையில் காசிருந்தாலும் அவர்கள் நடந்துதான் போக வேண்டும். சௌந்தரபாண்டியன் இதற்காக மேடையில் வருந்திப் பேசியதோடு நின்றுவிடவில்லை. உரிமம் கொடுக்கும் தம் அதிகாரத்தையே பயன்படுத்தினார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று போர்டின் தலைவர் என்ற முறையில் ஆணையிட்டார். சட்டமன்றத்தில் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மாவட்டத் தலைவர், தம் பேனாவுக்கு எட்டிய தூரத்தில் இருந்த அநீதியைத் தம் பேனாவாலேயே நிறுத்தினார். உள்ளூர் அரசியல் என்பதன் முழுப் பொருளையும் எனக்கு இந்த ஒரு செயல் விளக்கிவிட்டது.

1980களின் பிற்பகுதியில், நான் காலை முதல் நடையில் போய்க்கொண்டிருந்த ஒரு கிராமத் தடத்தில், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வாரம் இரண்டு நாள் ஏறுவார். வண்டி காலியாக இருந்தாலும் பின் படிக்கட்டில் ஏறிக் கடைசி இருக்கையின் மூலையில்தான் உட்காருவார். மடியிலிருந்து சில்லறையை எடுத்து, முன்னதாகவே எண்ணி உள்ளங்கையில் வைத்திருப்பார். ஒருநாள், “முன்னால வந்து உட்காருங்க ஐயா, அங்கே தூக்கித் தூக்கிப் போடுமே” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “இதுல ஏறுனதே பெருசு கண்டக்டரய்யா. எங்க அய்யா காலத்துல மோட்டார்ல எங்க ஆளுகள ஏத்த மாட்டாங்க. ஜில்லா போர்டு பிரசிடெண்டு ஒருத்தரு வந்த பெறகுதான் ஏத்துனாங்க” என்றார். யார் அந்தப் பிரசிடெண்டு என்று கேட்டேன். பெயர் அவருக்குத் தெரியவில்லை. “யாரோ ஒரு மவராசன்” என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டார்.

அந்தப் பெரியவர் சொன்ன மகராசன் சௌந்தரபாண்டியன்தான் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டபோது, அவரிடம் போய்ச் சொல்ல அவர் உயிரோடு இல்லை. செயலை நினைவில் வைத்திருந்தவருக்குப் பெயர் தெரியாமலே போயிற்று. பெயர் எழுதியிருக்கும் கடைவீதியில் நடப்பவர்களுக்குச் செயல் தெரியவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து வைக்க நாலு வரி எழுதிய ஒரு பலகை போதும். விருதுநகர், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், காரைக்குடி, பரமக்குடி என்று அந்தப் பழைய போர்டின் எல்லைக்குள் இருந்த ஊர்களின் பேருந்து நிலையங்களே அதற்குப் பொருத்தமான இடங்கள்.

இதையொட்டி இன்னொரு தலைவரின் செயலும் நினைவுக்கு வருகிறது. பேருந்துக்கு முன்பு சாலையே தடுக்கப்பட்டிருந்த காலம் ஒன்றிருந்தது. 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றுக்குள் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் எவரும் செல்லத் தடையில்லை என்பது அதன் சாரம். அது நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாகவும் வெளிவந்தது. சாலையில் நடக்கும் உரிமையைக் காகிதத்தில் அவர் வாங்கித் தந்ததற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், அந்தச் சாலையில் ஓடும் வண்டியில் ஏறும் உரிமை எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. இரண்டும் சாலையின் வரலாறு. அவற்றைச் சாலையோரத்திலேயே எழுதி வைப்பதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. சீனிவாசனாருக்குச் சென்னை கிண்டியில் மணிமண்டபம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மண்டபத்துக்கு அவரைத் தெரிந்தவர்தான் தேடிப் போவார். அவரைத் தெரியாதவருக்கு, பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் கண்ணில் படும் பலகைதான் வழி.

தியாகராய நகரையே எடுத்துக்கொள்ளலாம். 1920களில் அந்நகரை உருவாக்கியபோது நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களைத்தான் அதன் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் வரிசையாகச் சூட்டினார்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, எல்லாமே ஒரு காலத்து அரசியலின் பெயர்ப்பட்டியல். நகருக்கே பெயரான பிட்டி தியாகராயர், மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பிற்காலத்துச் சத்துணவுக்கும் இன்றைய காலை உணவுக்கும் முன்னோடி அந்த ஓரணாச் சிற்றுண்டி. புத்தாடை வாங்கிக்கொண்டு பாண்டி பஜாரில் கைப்பிடித்து நடக்கும் குழந்தைக்கு, பள்ளியில் தான் உண்ட காலை உணவின் தொடக்கக் கதை அந்த நகரின் பெயருக்குள்தான் இருக்கிறது என்று எந்தப் பலகை சொல்கிறது? 2019இல் நடைபாதையை அகலமாக்கி, இருக்கைகள் போட்டு அழகாக்கிய அந்தக் கடைவீதியில், உட்கார்ந்து படிக்க ஒரு பத்தி எழுதி வைப்பதற்கு இடமா இல்லை?

பெயர் சூட்டினால் போதாதா, அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். பெயரை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதை எங்கள் துறையில் நாங்கள் கண்ணாரக் கண்டவர்கள். 1997ஆம் ஆண்டில் எங்கள் பகுதியில், கட்டபொம்மனின் படைத்தளபதியான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அந்தப் பெயரெழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். கல்லெறியும் கலவரமும் மூண்டன, உயிர்களும் போயின. முடிவில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்க வேண்டியதாயிற்று. பணிமனையில் வண்டிகளின் பக்கவாட்டில் பெயிண்டர் பழைய பெயரின் மேல் வண்ணம் பூசி மறைத்துக்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பெயரானாலும் இரண்டு பூச்சில் மறைந்துவிட்டது. எல்லோரும் பேருந்தில் ஏறலாம் என்று ஒருவர் ஆணையிட்டு வென்ற அதே மண்ணில், எழுபது ஆண்டுகளுக்குள், ஒரு பெயருக்காகப் பேருந்தில் ஏற மறுத்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

அந்தக் கலவரத்துக்கு ஆழமான காரணங்கள் பல உண்டு. ஒரு பலகை அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்வேன். செயலைச் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதும்போது, பார்ப்பவர் முதலில் கேட்பது, அவர் எந்தச் சாதிக்காரர் என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைத்ததும் ஒரு பகுதியினர் அவரைத் தங்களுக்கு மட்டும் உரியவராக எடுத்துக்கொள்கிறார்கள், மறு பகுதியினர் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். நம் தலைவர்களின் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்பது இதனால்தான். சௌந்தரபாண்டியனாரைக்கூட அவர் பிறந்த சமூகத்தின் தலைவராக மட்டுமே அறிந்தவர்கள் பலர். அவர் யாருக்காக அந்த ஆணையில் கையெழுத்திட்டார் என்பதை எழுதி வைத்தால், அவரை ஒரு சமூகத்துக்குள் அடைக்க எவராலும் முடியாது. பாலம் கட்டிக்கொடுத்த எங்கள் ஒன்றியப் பெருந்தலைவரும் அப்படித்தான். அந்தப் பாலத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் நடந்தோம்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிலைகளையோ பிற கட்டுமானங்களையோ பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அது சரியான உத்தரவே. ஆகவே சாலையை மறித்துப் புதிய பீடங்கள் எழுப்ப நான் கோரவில்லை. பேருந்து நிலையச் சுவர், ஊராட்சி அலுவலகச் சுவர், நூலகத்தின் சுற்றுச்சுவர், பள்ளியின் வாயில் ஆகியவையே போதுமானவை. ஆள் நின்று படிக்கும் உயரத்தில், பத்தடி தூரத்திலிருந்து படிக்கத்தக்க எழுத்தில் இருக்க வேண்டும். பளபளக்கும் கருங்கல்லில் மேலோட்டமாகக் கீறி, தங்க வண்ணம் நிரப்பிய எழுத்துகள் நான்கைந்து கோடைகளில் மங்கிவிடுகின்றன. கல்லிருந்தும் எழுத்தில்லாமற் போகிறது. ஆழமாக வெட்டிய எழுத்துக்கு வண்ணமே வேண்டியதில்லை என்பதை நம் கோயில் சுவர்களில் ஆயிரம் ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத வேண்டியது என்ன என்பதுதான் முதன்மையானது. தொல்லியல் துறையின் நீலப் பலகைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை, எத்தனை மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது என்பதெல்லாம் அவற்றில் விரிவாக இருக்கும். சட்டத்துக்கு அது தேவைதான். ஆனால் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அறிய வந்தவர் ஏமாந்து திரும்புகிறார். அமெரிக்காவின் நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களில் 1920களிலேயே நெடுஞ்சாலையோரத்தில் வரலாற்றுப் பலகைகள் வைக்கத் தொடங்கினார்கள். லண்டனில் 1860களிலிருந்தே வீட்டுச் சுவர்களில் வட்டப் பலகை பதிக்கிறார்கள். அங்கே ஒருவர் மறைந்து 20 ஆண்டுகள் ஆன பிறகே அவருக்குப் பலகை கேட்க முடியும். இந்த ஒரு விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாழும்போதே கல் நட்டுக்கொள்ளும் ஆசைக்கும், மறைந்த மறுவாரமே கட்சிக்காரர்கள் கொடுக்கும் நெருக்கடிக்கும் அது ஒரு கடிவாளமாக இருக்கும்.

ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவணச் சான்று இருக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்க வேண்டும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாகாணச் சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சில் இருக்கின்றன. 1925இல் தொடங்கிய குடி அரசு போன்ற இதழ்களின் தொகுதிகள் நூலகங்களில் கிடைக்கின்றன. மாவட்டத்திலுள்ள அரசுக் கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், ஒரு பலகைக்கு ஓர் ஆணையைத் தேடி எடுக்கும் வேலையே அவர்களுக்குச் சிறந்த பயிற்சியாக அமையும். சான்று கிடைக்காத புகழுரையை, அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கல்லில் ஏற்றக் கூடாது. பொய் எழுதிய கல் ஒன்று நின்றால், பக்கத்தில் மெய் எழுதிய கல்லையும் யாரும் நம்பமாட்டார்கள்.

திறந்து வைப்பவர்களின் பெயர்கள் வேண்டாம் என்றால் எவரும் திறந்து வைக்க வரமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுக்குத் தனியாக ஒரு சிறு கல்லை அடியில் பதித்துக்கொள்ளட்டும். தலைவருக்கான பலகையில் தலைவர் மட்டும் இருக்கட்டும். விருதுநகர்ப் பேருந்து நிலையத்தில் வைப்பதற்கு நான் எழுதிப் பார்த்த வாசகத்தைக் கீழே தருகிறேன். அறிஞர்கள் இதைத் திருத்திச் செம்மைப்படுத்தலாம்.

‘ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் (1893–1953). பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று ஆணையிட்டார். இங்கிருந்து புறப்படும் பேருந்தில் எவரும் எந்த இருக்கையிலும் அமரலாம் என்பதற்குப் பின்னால் அந்த ஆணை இருக்கிறது.’

இதைப் படித்து முடிக்க அரை நிமிடம் போதும். வண்டி வருவதற்குள் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இதை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிவிட முடியும்.

எங்கள் ஊர்க் கல்லைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு இருமுறை மனு கொடுத்தேன். மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற பதில் இரண்டு முறையும் வந்தது. தேநீர்க் கடைக்காரரிடம் இந்தக் கல் யாருடையது, அவர் என்ன செய்தார் என்று சொன்னேன். அவர் வெளியூர்க்காரர், அந்தப் பழைய பாலத்தைப் பார்த்ததே இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மறுவாரம் நான் போனபோது வாய்க்காலின் மேல் ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது. கல்லைக் கழுவி, கடைச் சுவரோரம் சாக்கை விரித்து அதன் மேல் நிறுத்தி வைத்திருந்தார். “இடம் காட்டுங்க அண்ணே, ஆளைக் கூட்டிட்டு வந்து நட்டுருவோம்” என்றார். நடுவதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தில் பாலத்தைப் பற்றி ஒரு வரி வெட்ட வேண்டும். கல்தச்சர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். இடத்துக்கான அனுமதிதான் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
விருதுநகர் மாவட்டம்.